கக்கர் நினைப்பினும் மறப்பினும்



இந்தப் பௌர்ணமியில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது கக்கர் என்னும் பிக்குவின் வரலாறாகும். சாரிபுத்தரையும் மொக்கல்லானரையும் ஆனந்தரையும் அறியாதார் நம்முள் இலர். கக்கரை அறிந்தாரோ மிகச் சிலர். அவர் வாதில் வென்றவரல்லர்; பேருரை நிகழ்த்தியவருமல்லர். சித்தங் கலங்கிய ஒரு பிக்கு. விநய பிடகம் அவரை நினைவிற் கொண்டிருப்பது அந்த ஒரு காரணத்தினாலேயே. நம் குடும்பங்களில், முதுமையில் நினைவிழந்த தாய் தந்தையரை வீட்டில் வைத்துப் பேணுவோர் பெருகி வருகின்றனர். அவர்கள் நம்மிடம் கேட்கும் வினாக்களுக்கு விடை தேடியபோது நமக்குக் கிடைத்த பெருந்துணை இந்தக் கக்கரே.

மகாவக்கத்தில் உள்ள செய்தி இது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஓர் எல்லைக்குள் வாழும் பிக்குகள் யாவரும் ஒருங்கு கூடிப் பாதிமோக்கம் ஓதுவது உபோசதம். ஒருவரும் விடுபடலாகாது. நோயாளி வர இயலாவிடின் தம் தூய்மையையும் இசைவையும் பிறர் வாயிலாகச் சொல்லியனுப்புதல் வேண்டும். கக்கரோ சில நாள் உபோசதத்தை நினைவு கொள்வார்; சில நாள் அடியோடு மறப்பார். சில நாள் வருவார். சில நாள் வாரார். மறந்துபோனவர் எவ்வாறு இசைவு சொல்லியனுப்புவார்? அவருக்காகச் சங்கம் உபோசதத்தை நிறுத்திவைப்பதா? அல்லது இவரால் ஒழுங்கு கெடுகிறது என்று எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவதா?

பகவான் இரண்டையும் செய்யவில்லை. சங்கம் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு பணித்தார். கக்கர் நினைவு கொண்டாலும் கொள்ளாவிடினும், வந்தாலும் வாராவிடினும், சங்கம் அவரோடும் அவரின்றியும் உபோசதம் செய்யலாம் என்பது அத்தீர்மானத்தின் பொருள். அன்பர்களே, இதனைச் சற்று நின்று நோக்குங்கள். கடமை தவறியவர் என்று அவர் பெயர் குறிக்கப்படவில்லை, பெயரே அடிக்கப்படவுமில்லை. சபை நடுவே அவர் பெயர் சொல்லப்பட்டு, அவர் நினைக்கவேண்டியதைச் சங்கம் தன் நினைவில் ஏற்றுக்கொண்டது. நினைவு தவறியவர் சங்கத்திலிருந்து தவறியவர் ஆகார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

சுல்லவக்கத்தில் இதன் தொடர்ச்சி வருகிறது. கக்கருக்குப் பின்னர்ச் சித்தந் தெளிந்தது. ஆனால் சில பிக்குகள் அவரை விட்டபாடில்லை. மயங்கிய காலத்தில் அவர் செய்தவற்றையும் சொன்னவற்றையும் எடுத்துக்காட்டி, இது நினைவிருக்கிறதா, அது நினைவிருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் குற்றஞ் சாட்டினர். நான் அப்போது என் வயத்தில் இல்லை, ஒன்றும் நினைவில்லை என்று அவர் சொல்லியும் அவர்கள் ஓயவில்லை. அதனை அறிந்த பகவான், கக்கருக்கு 'அமூள்ஹ விநயம்' என்னும் தீர்ப்பை வழங்கச் செய்தார். மயக்கத்தில் நிகழ்ந்தது குற்றமாகாது. அதனைச் சொல்லிக் குத்திக்காட்டும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது அதன் சாரம்.

நம் முதியோருக்கும் கக்கருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கக்கர் தெளிந்தார். அல்சைமர் நோய் முதலியவற்றால் நினைவிழந்தோர் தெளிந்து மீள்வதற்குரிய மருந்து இன்றுவரை இல்லை. 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர், தம்மிடம் இருந்து இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து இந்நோயின் அடையாளங்களை விளக்கினார். கிழவன் கிழத்திக்கு வரும் சாதாரண மறதி என்று உலகம் எண்ணியிருந்தது, மூளையின் அணுக்கள் அழிந்துபடும் ஒரு நோய் என்பது அதன் பின்னரே விளங்கலாயிற்று. 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மிகுதியாக, ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் இந்த நினைவிழப்பு நோய்க்கு ஆளாகியுள்ளனர். ஆண்களினும் பெண்களே மிகுதி. நகரத்தினும் நாட்டுப்புறத்திலேயே மிகுதி.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமற் போவதற்கில்லை. நம் உறவினர் சிலர், "முன்வினை, அனுபவித்துத் தீர்க்கட்டும்" என்கின்றனர். வேறு சிலர் காற்று, கருப்பு என்று வேப்பிலை அடிப்போரிடம் அழைத்துச் செல்கின்றனர். கிழவியை மயிரைப் பிடித்து ஆட்டிய கொடுமையும் நம் செவிக்கு எட்டியுள்ளது. சீவகன் என்னும் பரிவிராசகன் பகவானிடம் வந்து, இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, உண்மையோ என்று வினவினான். பகவான் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாறுதல், ஒழுங்கற்ற நடைமுறை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டு ஏதுக்களைக் கூறினார்; எல்லாவற்றையும் முன்வினை என்போர் கண்கூடான உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்றும் கண்டித்தார்.

இன்றைய மருத்துவம் கூறும் ஏதுக்களையும் கேளுங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, தலையிற் பட்ட அடி, செவித்திறன் குறைவு, இளமையிற் கல்வி பெறாமை ஆகியவை நினைவிழப்பு நோய்க்கு இடந்தருவன என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு 2020, 2024 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளில் எடுத்துரைத்திருக்கிறது. கல்வி பெறாமை! நம் பாட்டன் பாட்டிமாரைப் பள்ளிக்கூடத்து வாயிலுக்கு வெளியே நிறுத்தியது எந்தப் பிறவியின் வினை? சுரங்கத்தின் அடியில் பாறை துளைக்கும் பொறியின் ஓசையில் செவியை இழந்தோர் எத்தனை பேர்! மனிதர் மனிதருக்குச் செய்ததை வினையின் தலையில் ஏற்றுவது புத்த தன்மமன்று.

ஆதலின் முதற்கடமை மருத்துவரிடம் காட்டுதல். தைராய்டுச் சுரப்பின் குறைவு, பி12 உயிர்ச்சத்தின் குறைவு, கீழே விழுந்ததனால் மூளையின்மேல் இரத்தம் உறைதல், கடுந்துயரால் வரும் மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் மறதி நோய் போலவே தோன்றும். இவற்றுள் பல சிகிச்சைக்கு இணங்குவன. வயதாகிவிட்டது என்று வாளாவிருந்து, மாத்திரைக்குத் தீரக்கூடிய குறையைப் படுக்கையில் தள்ளிவிடலாகாது.

இனிக் கக்கரிடம் மீள்வோம். அமூள்ஹ விநயம் நம் இல்லங்களில் எவ்வாறு வழங்குதல் வேண்டும்? நினைவிழந்த மாமியார் தம் சுருக்குப்பையைத் தாமே அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, மருமகள் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று கூவுகிறார். நோயின் இயல்பே அது. வைத்தது மறந்தது, காணாமற் போனது மட்டும் தெரிகிறது, இடைவெளியை நிரப்ப ஒரு திருடன் வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவள் மருமகள். பழி அவள்மேல் விழுகிறது. ஊரார் அதனை நம்புவதும் உண்டு. அம்மருமகளின் நெஞ்சம் எரியும் என்பதை நாம் மறுக்கவில்லை. அவளுக்குப் பொறுமையை உபதேசிக்குமுன், அவள் கணவன் தெருவார் முன்னிலையில், "இது நோயின் பேச்சு, இவள் எடுக்கவில்லை" என்று வாய்திறந்து சொல்லக் கடமைப்பட்டவன். தீர்ப்பு தனியறையில் அன்று, சபை நடுவே வழங்கப்பட்டது என்பதை நினைவு கொள்ளுங்கள்.

குற்றஞ்சாட்டுதல் வேறொரு வடிவிலும் நம் வீடுகளில் நிகழ்கிறது. காலையில் எழுந்ததும், "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!" "நேற்று வந்தது யார்?" "இப்போதுதானே சோறு தின்றீர்கள், அதற்குள் மறந்துவிட்டதா?" என்று வினா வைக்கிறோம். வந்த விருந்தினர் முன்னிலையிலும் இத்தேர்வை நடத்துகிறோம். அன்பினாற் செய்கிறோம் என்றே எண்ணுகிறோம். ஆனால் கக்கரைச் சூழ்ந்து நின்று 'நினைவிருக்கிறதா, நினைவிருக்கிறதா' என்று கேட்ட பிக்குகள் செய்ததும் இதுவே அன்றோ? "அம்மா, நான் உன் மூத்தவன் வந்திருக்கிறேன்" என்று நாமே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

சொன்னதை மறந்துவிடுவார்கள், ஆகவே கடிந்துகொண்டாலும் தாழ்வில்லை என்று சிலர் எண்ணுவர். அதுவும் தவறு. அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அல்சைமர் நோயாளருக்குத் துயரமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டினர். சிறிது நேரத்தில் அவர்கள் கண்ட காட்சியை மறந்தனர். ஆயினும் காட்சி விளைத்த துயரமும் மகிழ்ச்சியும் மறையாமல் நின்றன. சொல் போய்விடுகிறது, சுடுதல் நிற்கிறது. ஏன் அழுகிறோம் என்று அறியாமலே அழுதுகொண்டிருக்கும் தாயை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம்.

இனி, நம்மிடம் மிகுதியாகக் கேட்கப்படும் வினா ஒன்று. "பஞ்சசீலத்தில் பொய் சொல்லாமை உண்டு. இறந்துபோன அப்பா எங்கே என்று அம்மா நாள்தோறும் கேட்கிறாள். இறந்துவிட்டார் என்று சொன்னால் அன்றுதான் கேட்டாற்போல மாரடித்து அழுகிறாள். ஒரு மணி நேரத்தில் மறந்து மீண்டும் கேட்கிறாள். நாங்கள் என்ன சொல்வது?"

அபய இராஜகுமாரனுக்குப் பகவான் வாய்மையின் இலக்கணத்தை விளக்கிய சூத்திரம் இங்கு உதவும். உண்மையல்லாததையும் நன்மையல்லாததையும் ததாகதர் பேசார். உண்மையே ஆயினும் நன்மை தாராததைப் பேசார். உண்மையும் நன்மையும் உடையதையும் அதற்குரிய காலமறிந்தே பேசுவார். ஆகவே பொய்யாமை என்பது எல்லா உண்மைகளையும் எப்போதும் எடுத்தெறிவதன்று. கணவன் இறந்ததை ஒரு தாய் ஒருமுறை அறிந்து அழுதாள். அது அவளுக்குரிய துயரம். அதனை நாள்தோறும் புதிதாக்கி அவள் கையில் கொடுப்பதில் என்ன நன்மை? அதற்காக, "கடைக்குப் போயிருக்கிறார், வருவார்" என்று பொய் சொல்லவும் வேண்டா. சொன்னால் அவள் வாயிலிலேயே இரவெல்லாம் அமர்ந்திருப்பாள். "அப்பா நினைவு வந்துவிட்டதா அம்மா? உங்களுக்கு முதன்முதலில் என்ன புடவை வாங்கிக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். அவள் தேடுவது பெரும்பாலும் செய்தியையன்று, அந்த மனிதரின் அண்மையை. அவரைப்பற்றிப் பேசுவது பொய்யுமன்று, கொடுமையுமன்று.

தங்கவயலில் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஆயினும் அங்கு லைன் வீடொன்றில் வாழும் முதியவர் ஒருவர் நள்ளிரவில் எழுந்து, சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று சட்டையைத் தேடுகிறார். மகனோ விடியற்கால இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவன். உறக்கங் கலைந்த சினத்தில், "சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, படுங்கள்" என்று கதவைச் சாத்துவான். முதியவர் கதவை இடிப்பார். அவ்வீட்டு மருமகள் எழுந்து, "குளிருகிறது மாமா, முதலில் ஒரு வாய் காபி குடியுங்கள். எந்த ஷாப்டில் இறங்குவீர்கள்?" என்று கேட்டாள். அவர் அமர்ந்து, கேஜில் கீழிறங்கும்போது காது அடைத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் உறங்கிப்போனார். அம்மருமகள் அபய சூத்திரத்தைக் கேட்டறிந்தவளல்லள்.

நம்மைப் போன்றோர்க்கே உரிய துயரம் ஒன்றுண்டு. பிற மதத்தார் வீடுகளில் அதனை அறியமாட்டார். நினைவு அழியும் ஒழுங்கு தலைகீழானது. நேற்று நிகழ்ந்தது முதலிற் போகும்; இளமையிற் பதிந்தது இறுதிவரை நிற்கும். பண்டித அயோத்திதாசர் 1898இல் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் வழிவந்து, மூன்று நான்கு தலைமுறையாகப் பௌத்தராயிருக்கும் குடும்பங்களில் முதியோர் தம்மை மறந்த நிலையிலும் திரிசரணத்தைத் தடையின்றி ஓதக் காண்கிறோம். பேரன் பெயர் தெரியாது. "புத்தம் சரணம்" என்று நாம் தொடங்கினால் மீதி தானே வரும். ஆனால் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தீட்சை பெற்றபின், அவர் வழி நின்று நடுவயதில் தன்மத்தைத் தழுவிய குடும்பங்களில் நிலைமை வேறு. அங்குத் தன்மம் பின்னர் வந்தது; எனவே முதலில் மறைகிறது. முப்பதாண்டு புத்தர் படத்திற்கு விளக்கேற்றிய தாய், இன்று அப்படத்தைப் பார்த்து இது யார் என்கிறாள். மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்ற வேண்டும் என்கிறாள். நெற்றிக்குத் திருநீறு கேட்டுச் சுவரைச் சுரண்டுகிறாள். இருபத்திரண்டு உறுதிமொழிகளை எடுத்துக்கொண்ட மகன் நாணுகிறான். அண்டை வீட்டார் நகைப்பரே என்று அஞ்சுகிறான்.

இதனினும் கொடிது மற்றொன்று. அரசுப் பணியில் நிமிர்ந்து நின்று ஓய்வுபெற்ற தந்தை, வீட்டுக்கு வந்த மருத்துவரைக் கண்டதும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய்பொத்தி, "சாமி" என்று ஒதுங்கி நிற்கிறார். நாற்காலியில் அமரச் சொன்னால் நடுங்குகிறார். சிறுவயதில் ஊர்த்தெருவிற் கற்பிக்கப்பட்ட அச்சம் அது. எழுபதாண்டு உழைத்து அவர் கழற்றியெறிந்த விலங்கை, நோய் மீண்டும் அவர் காலிற் பூட்டிவிட்டது. மகன் இதனைக் கண்டு, "அப்பா, நீங்கள் யாருக்கும் அடிமையல்ல, உட்காருங்கள்!" என்று உரக்கக் கூறுகிறான். அவன் நெஞ்சு படும் பாட்டை நாம் அறிவோம். ஆயின் அந்த உரத்த குரலே முதியவருக்குப் பழைய அதட்டலாய்க் கேட்கிறது. அவன் செய்யத்தக்கது, தானும் அவரருகே தரையில் அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டு, சிறிது பொழுது கழித்து இருவருமாக எழுந்து அமர்வதே. மருத்துவரும் ஒரு முக்காலியை இழுத்துத் தாழ அமர்ந்தால் நன்று. அவ்வாறு அமர்ந்த மருத்துவரும் உளர்.

தாயின் திருநீற்றுக்கு வருவோம். நாம் கூறுவதைச் சிலர் ஒப்பமாட்டார், ஆயினும் கூறுவோம். எண்ணமே வினை என்பது பகவான் வாக்கின் கருத்து. எண்ணித் துணியும் ஆற்றல் போனவளிடம் உறுதிமொழி முறிவும் இல்லை, மதம் மாறுதலும் இல்லை. விநயத்தில் சித்தங் கலங்கியவர்க்குக் குற்றமில்லை என்று விதிதோறும் சொல்லப்படுகிறது. ஆகவே உறுதி பூண்ட நீங்கள் பூசை செய்யவேண்டியதில்லை. மந்திரித்த தாயத்து வாங்கிவர வேண்டியதுமில்லை. ஆனால் அவள் கையிலுள்ளதைப் பிடுங்கவும் வேண்டா. அவள் கூழைப்பற்றிப் பேசினால், கூழ் காய்ச்சிக் கொடுங்கள். அவளுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தக் கூழும், அதனைச் சூழ்ந்திருந்த தன் தாய்வீட்டு மனிதருமே. அவள் சரணத்தை மறந்தாலும் அவளுக்காகச் சரணத்தை நினைப்போர் இருக்கின்றனர். கக்கர் நினைத்தாலும் நினையாவிடினும் உபோசதம் நிகழ்ந்தது.

இனிப் பேணும் முறையைப்பற்றி. மகாவக்கத்தின் எட்டாம் பகுதியில், வயிற்றுப்போக்கினால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்ட செய்தி நாம் பலமுறை கேட்டதே. பகவான் நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிசெய்க என்று அன்று அவர் அருளியதையும் அறிவோம். அதே இடத்தில் அவர் நோயாளிக்குரிய ஐந்து தகுதிகளையும் பேணுவோர்க்குரிய ஐந்து தகுதிகளையும் கூறியிருப்பதை மட்டும் நாம் அத்துணைக் கவனிப்பதில்லை. உடலுக்கு ஏற்றதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்துண்ணல், நோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் உள்ளவாறு சொல்லுதல், வலியைப் பொறுத்தல் ஆகிய ஐந்தும் நோயாளி செய்யத்தக்கவை. மருந்து அமைக்க வல்லமை, ஏற்றது ஏலாதது அறிதல், பொருள் கருதாது அன்பினாற் பணிசெய்தல், மலம் சிறுநீர் எச்சில் வாந்திகளுக்கு அருவருப்படையாமை, காலந்தோறும் அறமொழி கூறி மனந்தேற்றுதல் ஆகிய ஐந்தும் பேணுவோர் செய்யத்தக்கவை.

நினைவிழந்த நோயாளியால் தம் ஐந்தில் ஒன்றையும் செய்ய இயலாது. உண்டதை மறந்து மீண்டும் உண்பார். அல்லது உண்ணவே மறப்பார். மாத்திரையைத் துப்புவார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆகவே அவருடைய ஐந்தும் பேணுவோர்மேல் விழ, பேணுவோர் சுமை பத்தாகிறது. மற்ற நோயாளரைப் பார்த்துக்கொண்டவர்களும் இந்நோய்க்கு முன் தளர்ந்து போவதன் காரணம் இதுவே.

வலியைச் சொல்லாதவரின் வலியை எவ்வாறு அறிவது? பழக்கத்தைக் கவனிப்பதனால். நேற்றுவரை நடந்தவர் இன்று திடீரென்று பிதற்றினாலோ, ஓரிரு நாளில் குழப்பம் மிகுந்தாலோ, நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, நிமோனியா, கீழே விழுந்த காயம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மாலை மயங்கும் வேளையில் அமைதியின்மை மிகும்; ஆகையால் இருட்டுமுன்பே விளக்கேற்றுங்கள். எழுதல், குளித்தல், உண்ணல், உறங்கல் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிகழட்டும். தட்டு மாறினாலும் அவர்களுக்கு உலகம் மாறிவிடும். சமையல் எரிவாயு உருளையின் வாயை மூடிவைத்தல், கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி இடுதல், பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் தைத்துவைத்தல் ஆகியவை எளியவை, உயிர் காப்பவை. கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைக்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அது கூடாது.

இத்தனையும் செய்பவர் யார்? நாம் நேரில் கண்ட வீடுகளில் பெரும்பாலும் ஒரு பெண். மருமகள், அல்லது மணமாகாத மகள், அல்லது தானும் மூப்பெய்திய மனைவி. ஆண்மக்கள் நன்றியறிதலைப்பற்றி மேடையில் பேசுகின்றனர். தாயை ஒரு தோளிலும் தந்தையை ஒரு தோளிலும் நூறாண்டு சுமந்து, அவர்கள் அங்கேயே மலசலங் கழிக்கப் பொறுத்தாலும் நன்றிக்கடன் தீராது என்னும் சூத்திரம் அவர்கட்கு மனப்பாடம். சுமப்பது பெற்ற பிள்ளையின் தோள் என்பதே சூத்திரத்தின் கருத்து. மனைவியின் தோளில் ஏற்றிவைத்துவிட்டுத் தன் கடன் தீர்ந்ததாகக் கணக்கெழுதும் மகனை நாம் என்னென்பது! தாயைக் குளிப்பாட்டுவது ஆணுக்கு ஆகாது என்பார்க்கு, பிக்குவின் மலத்தைக் கழுவியது யார் என்று கேட்போம்.

விநயம் இதில் எவ்வளவு நுட்பமுடையது என்பதற்கு மற்றொரு விதி. இறந்த பிக்குவின் உடைமைக்குச் சங்கமே உரியது. ஆயினும் நோயாளியைப் பேணியவர் பேருதவி செய்தவராதலின், அவருடைய சீவரமும் பாத்திரமும் பேணியவர்க்கே தரப்படுதல் வேண்டும் என்று பகவான் வகுத்தார். அன்பினாற் செய்க, பொருள் கருதற்க என்று பேணுவோர்க்குச் சொன்ன அவரே, பேணியவரை வெறுங்கையோடு விடற்க என்று மற்றவர்க்கும் சொன்னார். நம் வீடுகளில் நிகழ்வதென்ன? பத்தாண்டு கழுவித் துடைத்தவள் ஒருத்தி. காரியம் முடிந்த மறுநாள் வீட்டைப் பங்கிட வருவோர் நால்வர். அவள் பெயர் அப்பங்கில் இல்லை. உடன்பிறந்தோர் உயிரோடிருக்கும்போதே கூடிப் பேசி, பேணுபவளுக்கு மாதந்தோறும் இவ்வளவு, பின்னர் இவ்வளவு என்று எழுதி வைப்பது அறமாகும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன்களையும் மகள்களையும் கடமைக்கு உட்படுத்துகிறது. ஆயினும் நீதிமன்றப் படியேறுமுன் நம் சங்கத்துப் பெரியோர் நடுநின்று முடிக்கத்தக்க செய்தி இது.

பேணுபவளும் நோய்வாய்ப்படுவாள் என்பதை மறவாதீர்கள். இரவெல்லாம் விழித்திருப்பவளுக்குச் சினம் வரும். சில வேளை இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்றும் எண்ணம் எழும். அவ்வெண்ணம் எழுந்ததற்காகத் தான் பாவி என்று அழுதவர்களை அறிவோம். எண்ணம் எழுவது களைப்பின் அடையாளம். அவளுக்குத் தேவை உபதேசமன்று, எட்டு மணி நேர உறக்கம். சாத்துக்குடி நான்கு வாங்கிக்கொண்டு வந்து, அரைமணி நேரம் அமர்ந்து, "நம்மை அடையாளமே தெரியவில்லையே!" என்று வியந்து, காபியும் குடித்துச் செல்வோர் அவள் வேலையைக் கூட்டிச் செல்கின்றனர்.

தாயும் தந்தையும் இல்லாத பிக்குகள் ஒருவரையொருவர் பேணாவிடின் யார் பேணுவர் என்று பகவான் கேட்டார். உபாத்தியாயர் இல்லையேல் மாணாக்கர், அவரும் இல்லையேல் சங்கம் முழுவதும் நோயாளிக்குப் பொறுப்பு. பேணாவிடின் சங்கத்துக்கே குற்றம். இல்லறத்தாராகிய நமக்கும் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அத்தையும் சித்தப்பனும் அடுத்த தெருவில் இல்லை. ஆகவே செய்யத்தக்கது ஒன்றைச் சொல்லி அமைவோம். நினைவிழந்தோர் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், நம் உபாசகர் இருவர் சென்று முதியவருடன் இருத்தல் வேண்டும். ஆண் நோயாளிக்கு ஆண்கள் செல்லட்டும். அந்த மூன்று மணி நேரமும் அவ்வீட்டுப் பெண் உறங்கட்டும், அல்லது தன் தாய்வீடு போய்வரட்டும். எங்கே போனாள் என்று எவரும் கேட்கவேண்டா. செல்வோர் முதியவருக்குப் பழகிய முகமாகும் வண்ணம், மாறாமல் அதே இருவரே செல்லுதல் நலம். பெங்களூரில் உள்ளோர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையையும், 1992இல் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கத்தின் கிளைகளையும் அணுகலாம். முதியோருக்கான அரசின் உதவித் தொலைபேசி எண் 14567.

பெயர் கொடுக்க விழைவோர் இன்று வந்தனை முடிந்தபின் காரியதரிசியிடம் கொடுக்கவும். அடுத்த பௌர்ணமிக்கு அத்தகைய முதியோரை விகாரைக்கு அழைத்துவர விரும்பும் இல்லத்தார் முன்னரே சொல்லியனுப்பினால், வாயிலருகே கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றும், உடன் வருவோர்க்கு இருபுறமும் இடமும் ஒதுக்கி வைக்கப்படும். ஒலிபெருக்கியின் ஓசை குறைக்கப்படும். வந்தனையின் நடுவே அவர் எழுந்து நடந்தாலும், உரக்கப் பேசினாலும், யாரும் திரும்பிப் பார்க்கவேண்டா. ஓதுவோர் ஓதிக்கொண்டே இருப்பர்.